அந்தமானைச் சிறையிலிருந்து தொடங்காதீர்கள்

விமானம் இறங்கிய அன்று மாலையே செல்லுலர் சிறை, இருட்டியதும் ஒலி-ஒளிக் காட்சி. மறுநாள் ராஸ் தீவும் நார்த் பேயும் ஒரே படகில். மூன்றாம் நாள் ஹேவ்லாக் கடற்கரை. எந்தச் சுற்றுலா நிறுவனத்தின் படியேறினாலும் அந்தமானுக்கு இந்த அட்டவணையைத்தான் நீட்டுவார்கள். கடலில் குளிக்கப் போகிறவர்களுக்கு இது போதும். கைதிகளைக் கடல் கடத்தித் தீவில் விடும் தீவாந்தர தண்டனை என்று பாட்டன் காலத்தில் பேரைச் சொல்லவே பயந்த ஒன்று எப்படி நடந்தது என்று பார்க்கப் போகிறவர்கள் இந்த அட்டவணையைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

பிரிட்டிஷார் கைதிகளை அங்கே கொண்டுவந்து இறக்கியது 1858 மார்ச்சில். செல்லுலர் சிறையைக் கட்டத் தொடங்கியது 1896-ல், முடித்தது 1906-ல். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தத் தீவே சிறையாக இருந்தது, கடல்தான் மதில். காடு வெட்டியவர்கள், துறை கட்டியவர்கள், துரைமார் வீட்டில் சமைத்தவர்கள், முடி வெட்டியவர்கள் எல்லோரும் கைதிகள். கடைசியில் அந்தச் சிறைக்குக் கல் சுமந்தவர்களும் அவர்களே. சிறையை முதல் நாளே பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு மற்ற இடங்களெல்லாம் பாழடைந்த சுவர்களாகத்தான் தெரிகின்றன. ஆண்டு வரிசையில் போனால் ஒவ்வொரு சுவரும் அடுத்ததற்குக் காரணம் சொல்லும்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். தம்பிக்கு அங்கே பொதுப்பணித் துறையில் வேலை. அதனால் எனக்கு அந்தமான் விடுதியும் கடற்கரையுமாக அறிமுகமாகவில்லை. ஜங்கிலிகாட் தெருவும் மீன் சந்தையுமாக அறிமுகமானது. இப்போது உறவினர், பழைய மாணவர் யார் போனாலும் என்னிடம் வழி கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கிளம்பும் முன்

போர்ட் பிளேர் என்ற பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ராஸ் தீவு 2018-லிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. ஹேரியட் மலை 2021-லிருந்து மணிப்பூர் மலை. டிக்கெட்டில் ஒரு பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் வேறு பெயர் சொல்வார். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் இங்கே பழைய பெயர்களையே எழுதுகிறேன். கைதிகளின் ஆவணங்களில் இருப்பவை அவைதான்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை போகலாம். மே மாதத்திலிருந்து மழையும் காற்றும் படகுகளை நிறுத்திவிடும். வடகிழக்குப் பருவமழையும் அங்கே எட்டிப்பார்க்கும். அதைவிட முக்கியம் வெளிச்சம். தீவு கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது, கடிகாரமோ நம்முடையதேதான். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் இறங்கிவிடும். நம் ஊர்ப் பழக்கத்தில் பதினோரு மணிக்குக் கிளம்பி ‘சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருந்தால் பாதி இடம் இருட்டில் போய்விடும். காலை ஆறு மணிக்கெல்லாம் வெயில் வந்துவிடும். அப்போதே கிளம்புங்கள்.

விமானம் சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறக்கும். கப்பல் மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். உடம்பு இடம் கொடுத்தால் போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்பது என் பரிந்துரை. கப்பல் மாதத்துக்கு ஒரு சில தடவைதான் புறப்படும்; தேதியும் கடைசி நேரத்தில் தள்ளிப்போகும். ஆகையால் வரும்போது கப்பல் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், விடுப்பு கரைந்துவிடும். இரண்டாம் நாள் எந்தப் பக்கம் திரும்பினாலும் கரையே தெரியாது. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று நம்பியவர்களைக் காலில் விலங்கோடு இதே தண்ணீரில்தான், மகாராஜா என்ற கப்பலில் ஏற்றி, கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் கொண்டுபோனார்கள். காலாபானி (கறுப்புத் தண்ணீர்) என்ற சொல்லில் எதற்காக அத்தனை பயம் இருந்தது என்று மேல்தளத்தில் ஒரு மணி நேரம் நின்றால் விளங்கிவிடும்.

இன்னொன்று. நம்மவர்கள் அங்கே போய் முதலில் கேட்பது, ‘வ.உ.சி. இழுத்த செக்கு எங்கே?’ என்பதுதான். வ.உ.சி. அந்தமானுக்குப் போகவில்லை. 1908-ல் அவருக்குத் தீவாந்தர தண்டனை விதித்தது உண்மை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. செக்கிழுத்தது கோவைச் சிறையில். பிறகு கண்ணூர்ச் சிறை. அவருடைய செக்கைத் தேடிக் கடல் கடக்க வேண்டாம். அந்தமானுக்கு முன்பே நம் பக்கத்து ஆட்களைக் கடல் கடத்திய இடங்கள் வேறு. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உள்ளிட்டோரை 1802-ல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். சிங்கப்பூரில் புனித அந்திரேயா பேராலயத்தைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். அதன் சுவரில் பூசியதும் முட்டை, சர்க்கரை, தேங்காய்மட்டை ஊறிய நீர் எல்லாம் கலந்த சென்னைச் சுண்ணாம்புதான். அந்தப் பக்கம் போகிறவர்கள் அதையும் இதே கண்ணோடு பாருங்கள்.

சாத்தம், அபர்டீன், ராஸ்

முதல் நாள் சாத்தம் தீவு. பாலத்தைத் தாண்டினால் மர அறுவை ஆலை. 1883-ல் தொடங்கியது. தொழிற்கூடம் என்பதால் வேலை நாளில், காலையிலேயே போங்கள். படாக் மரத்தின் செக்கச் சிவந்த பலகைகளையும், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் குண்டு விழுந்த பள்ளத்தையும் காட்டுவார்கள். உங்களுக்கு வேண்டியது அந்த இடத்தின் வயது. 1789-ல் ஆர்ச்சிபால்ட் பிளேர் முதல் குடியேற்றத்தை அமைத்தது இங்கேதான். 1792-ல் அதை வடக்கே மாற்றினார்கள், நோய் தாங்காமல் 1796-ல் கைவிட்டார்கள். 1857 கிளர்ச்சி வந்ததும் பழைய யோசனை திரும்ப வந்தது. ஆக்ரா சிறையை நிர்வகித்த டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர், செமிராமிஸ் என்ற கப்பலில் 200 கைதிகளுடன் 1858 மார்ச் 10 அன்று வந்து இறங்கியதும் இதே சாத்தமில்தான். குடிநீர் போதவில்லை என்று ராஸுக்கு மாறினார்கள். ஆலையைச் சுற்ற ஒரு மணி நேரம் போதும்.

அடுத்தது ராஸ். இங்கேதான் அட்டவணைக்காரர்களோடு சண்டை போட வேண்டும். ‘மூன்று தீவு’ என்று சேர்த்து விற்கும் டிக்கெட்டை வாங்கினால் ராஸில் ஒரு மணி நேரம்தான் விடுவார்கள். பிறகு நார்த் பேயில் கண்ணாடிப் படகு, கடலடி நடை என்று பணம் பறிக்கும் கூட்டத்தில் கொண்டுபோய்த் தள்ளுவார்கள். ராஸுக்கு மட்டும் போகும் படகை, முதல் படகாகக் கேட்டு வாங்குங்கள். புதன்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள்.

படகுத்துறைக்குப் போகும் வழியில், நீர் விளையாட்டு வளாகத்தருகே ஒரு நினைவுத் தூண் உண்டு. எல்லோரும் கடந்து போய்விடுவார்கள். 1859 மே 17-ல் நடந்த அபர்டீன் போரின் நினைவு அது. காட்டை வெட்டிக்கொண்டே வந்த குடியேற்றத்தை அந்தமானின் ஆதிக்குடிகள் வில்லும் அம்புமாகத் தாக்கினார்கள். துத்நாத் திவாரி என்ற கைதி தப்பியோடி, அவர்களிடமே அடைக்கலம் பெற்று, ஓராண்டு அவர்களோடு வாழ்ந்து, அங்கே திருமணமும் செய்துகொண்டவன். தாக்குதலுக்குச் சற்று முன்னால் ஓடிவந்து வெள்ளைக்காரனிடம் காட்டிக்கொடுத்தான். அவனுக்கு மன்னிப்புக் கிடைத்தது. தண்டனைக் குடியேற்றத்தின் கணக்கில் கைதிகளை மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும். 1877-ல் பரவிய தட்டம்மை உட்படக் கப்பலேறி வந்த நோய்களில் கிரேட் அந்தமானியர் அழிந்தார்கள். சில ஆயிரம் பேர் இருந்த இனத்தில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் சில பத்துப் பேர். ஃபீனிக்ஸ் பேயில் உள்ள மானுடவியல் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஜாரவா மக்களின் காப்புக்காட்டு வழியே வண்டியில் போய் ‘பழங்குடி பார்க்கும்’ பயணத்தை யார் கூப்பிட்டாலும் மறுத்துவிடுங்கள். அங்கே படம் எடுப்பது குற்றம் என்பது ஒரு பக்கம். மனிதரை வேடிக்கை பார்க்கப் போவதே எனக்கு அருவருப்பு.

ராஸ் மிகச் சிறிய தீவு. 1858-லிருந்து 1941 ஜூன் நிலநடுக்கம் வரை அந்தமானின் தலைநகரம் இதுதான். ஆணையர் மாளிகை, தேவாலயம், ரொட்டி அடுமனை, நடன அரங்கு, நீச்சல்குளம், டென்னிஸ் ஆடுகளம் எல்லாம் இருந்தன. இன்று அவற்றைச் சுவராகப் பார்க்க முடியாது, வேராகத்தான் பார்க்க வேண்டும். ஆலமர வகை மரங்கள் செங்கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அதிகாரிகள் விடுதியின் ஒரு மூலையில் கூரை, சன்னல் சட்டம், தளம் எதுவும் இல்லை. சுவரும் முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் சுவர் இருந்த இடத்தில் வேர் சதுரமாக மடங்கி, சன்னலின் அளவை அப்படியே வைத்திருக்கிறது. பேட்டரி கார் ஏறிச் சுற்றினால் இதைப் பார்க்க மாட்டீர்கள். முட்டி வலி இல்லாதவர்கள் நடந்துபோங்கள். வலி உள்ளவர்கள் காரில் போகலாம், தேவாலயத்தருகே மட்டுமாவது இறங்குங்கள்.

கல்லறைத் தோட்டத்தைத் தவறவிடாதீர்கள். குழந்தைகளின் கல்லறைகள் அங்கே உண்டு. காய்ச்சல் துரைமார் பிள்ளைகளையும் விடவில்லை. ஆனால் பெயர் பொறித்த கல் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். முதல் சில மாதங்களில் காடு வெட்டும்போது செத்த கைதிகளுக்கும், தப்பியோடிப் பிடிபட்டு வாக்கரின் உத்தரவில் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்ட 86 பேருக்கும் அங்கே ஒரு கல்கூடக் கிடையாது. புள்ளிமான்கள் வந்து கையை முகரும், தின்பண்டம் கொடுக்காதீர்கள்.

மலையும் வைப்பரும்

சாத்தம் துறையிலிருந்து வாகனப் படகு ஏறினால் எதிர்க்கரையில் பாம்பூஃப்ளாட். ஊர்க்காரர்கள் வேலைக்குப் போய்வரும் படகு அது, கட்டணம் சொற்பம். இறங்கி ஆட்டோ பேசிக்கொண்டு பானிகாட் வழியே ஹேரியட் மலைக்குப் போங்கள். வைஸ்ராய் மேயோ பிரபு 1872 பிப்ரவரி 8 அன்று இந்த மலையில் சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு, இருட்டும் நேரத்தில் ஹோப்டவுன் துறைக்கு இறங்கினார். அங்கே காத்திருந்தவர் ஷேர் அலி அஃப்ரிதி. கைபர் பக்கத்துப் பட்டாணியர். கொலைக் குற்றத்துக்காகத் தூக்கு விதிக்கப்பட்டு, அது தீவாந்தரமாகக் குறைந்து வந்தவர். பானிகாட்டில் முடிதிருத்தும் வேலை பார்த்தார். வைஸ்ராயைக் கத்தியால் குத்திக் கொன்றார். பிரிட்டிஷ் இந்தியாவின் வைஸ்ராய் ஒருவர் பதவியில் இருக்கும்போது கொலையுண்டது அந்த ஒரு முறைதான். இத்தனை நடந்த துறையில் கூட்டமே இருக்காது. மலையில் 1891 போருக்குப் பின் மணிப்பூரிலிருந்து நாடுகடத்தப்பட்டவர்களை வைத்திருந்தார்கள். புதுப் பெயர் அதனால்தான். பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்துத் தென்னையும் கடலும் இந்தப் பக்கத்துக் காட்சிதான் என்று ஓட்டுநர் கட்டாயம் சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள்.

வைப்பர் தீவு துறைமுகத்துக்குள்ளேயே இருக்கிறது. செல்லுலருக்கு முன்பு விலங்கு பூட்டிய கூட்டத்தை வைத்த சிறை அங்கேதான். ஷேர் அலியைத் தூக்கிலிட்டதும் அங்கேதான், 1872 மார்ச் 11-ல். படகு எல்லா நாளும் போகாது. சில காலம் இறங்கவும் விடமாட்டார்கள். துறைமுகச் சுற்றுப் படகிலிருந்தே மேட்டின் மேல் தூக்குமேடைக் கட்டடம் தெரியும். இறங்க முடியவில்லையே என்று மாய்ந்துபோக வேண்டியதில்லை.

இப்போது சிறை

இதற்கெல்லாம் பிறகு செல்லுலருக்கு வாருங்கள். காலையில், கதவு திறக்கும் நேரத்தில். மதியம் சிறிது நேரம் மூடிவிடுவார்கள். வாரவிடுமுறை எந்தக் கிழமை என்பதை விடுதியில் முதல் நாளே கேட்டுவையுங்கள். குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும்.

தீவு முழுக்கத் திறந்த சிறையாக இருந்தபோது கைதிகளுக்குள் பேச்சும் உறவும் வளர்ந்தன. சிலர் நிலம் பெற்றுக் குடித்தனம் நடத்தினார்கள். இந்தத் தண்டனையில் பயம் போய்விட்டது என்று 1890-ல் லயால், லெத்பிரிட்ஜ் என்ற இரண்டு அதிகாரிகள் அறிக்கை எழுதினார்கள். வந்தவுடன் முதல் சில மாதம் தனிக் கொட்டடியில் அடைக்க வேண்டும் என்பது அவர்கள் பரிந்துரை. அதிலிருந்து பிறந்ததுதான் இந்தக் கட்டடம். நடுவில் கோபுரம், அதிலிருந்து ஏழு சிறகு, மூன்று மாடி, ஏறத்தாழ 700 அறை. ஒரு சிறகின் முன்பக்கம் அடுத்த சிறகின் முதுகைப் பார்த்தபடி இருக்கும். எதிரே இன்னொரு கைதியின் முகம் தெரிந்துவிடக் கூடாது. இன்று மூன்று சிறகுதான் மிச்சம். மற்றவை நின்ற இடத்தில் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை இருக்கிறது.

நீங்கள் பார்க்க வேண்டியது தாழ்ப்பாள். ஓர் அறைக்கு உள்ளே போய்க் கம்பிக் கதவுக்குப் பின்னால் நில்லுங்கள். கூட வந்தவரை வெளியிலிருந்து சாத்தச் சொல்லுங்கள். கதவின் நீண்ட இரும்புத் தண்டு நிலைக்குப் பக்கத்திலேயே முடியாமல், சுவரின் வெளிமுகத்தில் ஓடி, ஓரிரு அடி தள்ளிச் செங்கல்லில் குடைந்த ஒரு மாடத்துக்குள் போய் உட்காரும். பூட்டு அந்த மாடத்தில். கம்பி வழியே கையை முழங்கை தாண்டி, தோள் இடிக்கும்வரை நீட்டிப் பாருங்கள். விரல் வெறும் சுவரைத்தான் தடவும். எத்தனையோ சிறைகளின் படங்களை வகுப்பில் காட்டியிருக்கிறேன். கைதியின் கை நீளத்தை அளந்து கட்டிய சுவரை இங்கேதான் பார்த்தேன். பிறகு திரும்பிப் பின்சுவரைப் பாருங்கள். கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு காற்றுத் துளை. அறையின் நீளம் ஐந்தாறு எட்டு. நடந்து பாருங்கள்.

முற்றத்தில் செக்குக் கொட்டகை. மாட்டுக்குப் பதில் மனிதன். தேங்காய் எண்ணெய் ஒரு நாளைக்கு 30 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 13½ கிலோ, ஒருவன் ஆட்டித் தீர வேண்டும். குறைந்தால் நிற்கும் விலங்கு, சாக்குத் துணி உடுப்பு, முக்காலிச் சட்டத்தில் கட்டிக் கசையடி. அவற்றுக்குப் பொம்மை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். சிறு பிள்ளைகள் அதைப் பார்த்துப் பயப்படுவார்கள் அல்லது சிரிப்பார்கள். இரண்டுக்கும் முன்கூட்டியே பேசி வையுங்கள். கழுத்தில் தொங்கவிடும் மரச்சீட்டைப் பற்றியும் சொல்லுங்கள். எந்தச் சட்டப் பிரிவு, எப்போது தண்டனை, எப்போது விடுதலை என்று அதில் செதுக்கியிருப்பார்கள். ஆபத்தானவன் என்பதற்கு ஓர் எழுத்து.

வழிகாட்டி வேண்டுமா? வேண்டும், ஆனால் பேரம் பேசும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘1933-ல் இங்கே என்ன நடந்தது?’ உடனே பதில் சொல்கிறவரை அமர்த்திக்கொள்ளுங்கள். பலருடைய சொற்பொழிவு மேல் மாடியில் சாவர்க்கர் இருந்த கடைசி அறையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. 1911-லிருந்து 1921 வரை அவர் இங்கே இருந்தார். அந்த அறையைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அவருடைய கருணை மனுக்களைப் பற்றி இன்றைய அரசியல் வாக்குவாதம் அந்த வாசலிலேயே தொடங்கிவிடும். நான் அங்கே நிற்பதில்லை. கூட்டம் அங்கே நிற்கும் நேரத்தில் மற்ற அறைகள் காலியாகக் கிடைக்கும்.

மற்ற அறைகளில் இருந்தவர்களைக் கேளுங்கள். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் வந்த உல்லாஸ்கர் தத்தைக் கைவிலங்கோடு தொங்கவிட்டார்கள், மனம் பேதலித்துப்போனார். சென்னை மனநல விடுதிக்கு மாற்றினார்கள். ஆம், நம் சென்னைதான். இந்து பூஷண் ராய் 1912-ல் உடுப்பைக் கிழித்துத் தூக்குப் போட்டுக்கொண்டார். 1933 மே மாதம் உண்ணாவிரதம் இருந்தவர்களுக்குக் குழாய் வழியே வலுக்கட்டாயமாகப் பால் ஊற்றியபோது மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா மூவரும் இறந்தார்கள். 1937-ல் இன்னொரு பெரிய உண்ணாவிரதம். அதன் பிறகே அரசியல் கைதிகள் தாயகம் திரும்பினார்கள். சிறைக்கு எதிரேயுள்ள பூங்காவில் இவர்களில் சிலருக்குச் சிலை இருக்கிறது. கோபுரத்தில் பளிங்குப் பலகைகளில் மாகாணவாரியாகப் பெயர்கள். வங்காளம்தான் சுவரை நிறைக்கும். ஒரு பத்துப் பெயரையாவது வாய்விட்டுப் படியுங்கள் என்று மாணவர்களிடம் சொல்வேன்.

ஆனால் பலகையில் இருப்பவர்கள் அரசியல் கைதிகள் மட்டுமே. நிலத் தகராறில் வெட்டியவன், கொள்ளையடித்தவன், மாமியாருக்கு நஞ்சு வைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பெண் என்று வந்தவர்கள் எத்தனையோ மடங்கு அதிகம். அவர்களுக்குப் பலகை கிடையாது. 1942-லிருந்து 1945 வரை ஜப்பானியர் ஆண்டபோது இதே அறைகளில் உள்ளூர் மக்களை அடைத்து வதைத்ததையும் கேளுங்கள். பஞ்சாபிக் கவிஞரான டாக்டர் திவான் சிங் 1944 ஜனவரியில் இங்கே உயிர்விட்டார். நேதாஜி வந்து கொடியேற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் வழிகாட்டி அரிது.

மொட்டை மாடிக்குக் கட்டாயம் ஏறுங்கள். ராஸ் நேரெதிரே தெரியும். முன்பே நீங்கள் நடன அரங்கு பார்த்த தீவு அது. ராஸின் விளக்குகள் இங்கிருந்து தெரிந்திருக்கும். சிறை அங்கிருந்து தெரிந்திருக்கும். வரிசையை மாற்றிப் போகச் சொன்னதற்கு இந்த ஒரு காட்சியே போதும்.

ஒலி-ஒளிக் காட்சி இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான். முற்றத்து அரசமரம் கதை சொல்வதாக அமைத்திருக்கிறார்கள். உருக்கமாக இருக்கும்; தகவல் குறைவு. டிக்கெட்டை முன்னதாக வாங்கி, கொசு மருந்து தடவிக்கொண்டு போங்கள். மொழி புரியாத பெரியவர்களை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

பேரப்பிள்ளைகள் இருக்கும் ஊர்

கடைசி நாளைக் கடற்கரைக்குக் கொடுக்காமல் கிராமங்களுக்குக் கொடுங்கள். தண்டனைக் காலத்தில் ஒரு பகுதியை ஒழுங்காகக் கழித்தவர்களுக்குச் சிறைக்கு வெளியே பிழைக்க அனுமதிச் சீட்டுக் கொடுத்து, நிலம் கொடுத்து, சவுத் பாயிண்டில் இருந்த பெண்கள் சிறையிலிருந்து மனைவியையும் தேர்ந்துகொள்ள விட்டார்கள். வங்காளி ஆணும் பஞ்சாபிப் பெண்ணும், மராத்தியரும் தெலுங்கரும் சேர்ந்து குடும்பமானார்கள். பொதுமொழி இந்தி. அவர்களுடைய சந்ததியினரை இன்றும் ‘லோக்கல் பார்ன்’ என்றே சொல்கிறார்கள். அவர்களும் அப்படியே சொல்லிக்கொள்கிறார்கள்.

1921 மலபார் கலகத்துக்குப் பின் மாப்பிளமாரை, அதாவது மலபார் முஸ்லிம்களை, கூட்டமாக அனுப்பினார்கள். மலபார் அப்போது சென்னை மாகாணம். ஆக அவர்கள் நம் மாகாணத்துக் கைதிகள். பிறகு குடும்பங்களும் வந்து சேர்ந்தன. தெற்கு அந்தமான் வரைபடத்தில் கள்ளிக்கோட்டை, மஞ்சேரி, மண்ணார்க்காடு, திரூர், வண்டூர் என்று ஊர்ப் பெயர்கள் கிடப்பது அதனால்தான். பவளப்பாறை பார்க்க வண்டூரில் படகு ஏறுகிறவர்கள் ஒருவராவது இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

பாம்பூஃப்ளாட்டுக்கு மறுபடியும் படகேறி உள்ளே போனால் தேநீர்க் கடையில் மலையாளம் கேட்கும். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆளுக்கு அது போதும். ஒரு பெரியவர் பெஞ்சில் இடம் கொடுத்துவிட்டு, ‘சேச்சி எவ்விடே நின்னு?’ என்றார். நாகர்கோவில் என்றதும் முகம் மலர்ந்தது. அவருடைய வலியுப்பா, அதாவது பாட்டனார், மலபாரின் ஏறநாட்டிலிருந்து வந்தவராம். என்ன குற்றம் என்று நான் கேட்கவில்லை. ‘எந்த ஆண்டு வந்தார்கள்?’ என்று மட்டும் கேட்டேன். ஆண்டைச் சொல்லிவிட்டால் காரணத்தைத் தாமாகவே சொல்வார்கள், அல்லது பேச்சை மாற்றுவார்கள். மாற்றினால் நீங்களும் மாறிவிடுங்கள். அவர் சொன்னார். வலியுப்பாவின் ஊரை அவர் பார்த்ததே இல்லை. ‘போனால் யாரைத் தேடுவது?’ என்று கேட்டுவிட்டு, எனக்கு இன்னொரு தேநீர் சொன்னார். என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

கைபேசியை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பிக்காதீர்கள். ‘கொலைகாரர் வம்சமா?’ என்ற கேள்வியை வேடிக்கையாகக்கூடக் கேட்காதீர்கள்; கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குத் தேநீர் ஆறிப்போய்த்தான் வந்தது. தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கும் கவலை இல்லை. ஆட்டோ, காய்கறிக் கடை, மீன் சந்தை எங்கும் தமிழ் உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் சுதந்திரத்துக்குப் பின் பிழைக்க வந்தவர்கள். கட்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்கள். இவர்களையும் கைதிகளின் வழியினரையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் குடும்பத்திலேயே ‘தீவுக்குப் போனவர்’ என்று யாராவது ஒருவர் பேச்சில் அடிபட்டால், ஊருக்குத் திரும்பியதும் தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படால் இணையத் தேடலில் உள்துறையின் போர்ட் பிளேர் கோப்புகளைப் பாருங்கள். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மாகாண நீதித்துறைக் கோப்புகள் இருக்கின்றன. பெயரை ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் எழுதியிருப்பார்கள் என்று நாலைந்து விதமாக யோசித்து வைத்துக்கொண்டு தேடுங்கள். தண்டனை ஆண்டும் மாவட்டமும் தெரிந்தால் வேலை பாதி முடிந்தது.

பாம்பூஃப்ளாட்டிலிருந்து திரும்பும் படகில் மாலையில் நெரிசல் அதிகம். இருட்டுவதற்கு முன்பே துறைக்கு வந்துவிடுங்கள். சாத்தமில் இறங்கினால் அபர்டீன் பஜாருக்குப் பஸ் கிடைக்கும்.